வாகனத்துக்குப் புது வயர் இழுக்கும்போது பியூஸ் எங்கே, எத்தனை அம்பியர்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூடுதல் லைற், பாட்டுச் செற், இரண்டாவது பற்றரி, பெரிய ஓல்டனேற்றர் (எஞ்சின் ஓடும்போது பற்றரியைச் சார்ஜ் செய்வது) என்று ஏதாவது ஒன்றுக்காகப் புது வயர் இழுக்கிறவர்களுக்கான பக்கம் இது. வான், கார், பட்டா (சிறிய லொறி), உழவு இயந்திரம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். கணக்குகள் 12 வோல்ற்றுக்கு. 24 வோல்ற் லொறி, பஸ் பற்றிக் கடைசிக் கேள்வியில் தனியாக இருக்கிறது.

நல்ல மொத்தமான கேபிள்தான் போடுகிறேன். அதற்கும் பியூஸ் வேணுமா?

வேணும். மொத்தமான கேபிள் என்றால் இன்னும் கட்டாயம் வேணும்.

பியூஸ் செற்றையோ லைற்றையோ காப்பாற்றப் போடுவதில்லை, வயரைக் காப்பாற்றத்தான் போடுவது. நல்ல நிலையில் உள்ள 60 அம்பியர்-மணி பற்றரியின் பிளஸ் வயர் பொடியில் (வாகனத்தின் தகர உடலில்) பட்டால் 1000 அம்பியருக்கு மேல் பாயும். மெல்லிய வயர் என்றால் சில விநாடியில் தானே உருகி அறுந்துவிடும். அப்போதும் நெருப்புப் பிடிக்கலாம், ஆனால் கரண்ட் நின்றுவிடும். 25 எம்எம் கேபிள் அறாது. பற்றரியில் உள்ளதெல்லாம் அதனூடாகப் போய்க்கொண்டே இருக்கும். உறை எரியும், பக்கத்தில் போகும் வயர்க்கட்டு எரியும், அதன் பக்கத்தில் டீசல் பைப் இருந்தால் அதுவும் எரியும். "மொத்தமான வயர், சூடாகாது" என்ற கணக்கு சாதாரண ஓட்டத்துக்குச் சரி. சோர்ட் ஆகும்போது அதே மொத்தம்தான் வில்லங்கம்.

ஓல்டனேற்றரிலிருந்து பற்றரிக்கு, பற்றரியிலிருந்து சசிக்கு (வாகனத்தின் அடிச்சட்டம்), எஞ்சினிலிருந்து சசிக்கு என்று மூன்று கேபிளையும் பெரிதாக்குகிறேன். மூன்றுக்கும் பியூஸ் போடுவதா?

முதலாவதுக்கு மட்டும். மற்ற இரண்டும் எர்த், அதாவது கரண்ட் பற்றரியின் மைனஸுக்குத் திரும்பும் வழி. எர்த் வயர் பொடியில் உரசினால் எதுவும் நடக்காது, அது ஏற்கெனவே பொடியோடுதான் இருக்கிறது.

இரட்டைப் பாதுகாப்பு என்று நினைத்து எர்த்தில் பியூஸ் வைக்கிறவர்கள் உண்டு. அது எரிந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஸ்ராட்டர் இழுக்கும் 150, 200 அம்பியர் எப்படியாவது பற்றரியின் மைனஸுக்குத் திரும்பியாக வேண்டும். எஞ்சினைப் பொடியோடு இணைக்கும் வேறு இரும்பு எது? அக்சிலேற்றர் கேபிள், கிளச் கேபிள். ஸ்ராட் அடிக்கும்போது அக்சிலேற்றர் கேபிள் புகைந்தால், பெரும்பாலும் எஞ்சின் எர்த்தில்தான் பிழை. பாட்டுச் செற் இருந்தால் அதன் சிக்னல் வயரின் வெளிவலை வழியாகவும் கரண்ட் திரும்பப் பார்க்கும். செற் அதோடு சரி.

ஸ்ராட்டருக்குப் போகும் பெரிய கேபிளுக்கும் வழக்கமாகப் பியூஸ் இல்லை. டீசல் எஞ்சின் முதல் உதறலில் இழுக்கும் கரண்டுக்குத் தாங்கக்கூடிய பியூஸ் போட்டால், அது கேபிளைக் காப்பாற்றும் அளவில் இருக்காது. ஆகவே அந்தக் கேபிளைக் குட்டையாக வைத்து, ரப்பர் குழாய் போட்டு, கூரான தகரத்தில் முட்டாமல் கட்டுவதுதான் பாதுகாப்பு.

கொம்பனியே ஓல்டனேற்றருக்கு 100 அம்பியர் பியூஸ் வைத்திருக்கிறது. அது போதாதா?

புது கேபிளைப் பழைய வயருக்குச் சமாந்தரமாக, நேரே பற்றரிக்குக் கொண்டுபோகிறீர்கள். அந்த நிமிடமே கொம்பனிப் பியூஸ் இருந்தும் இல்லாததுதான். அதைச் சுற்றிப் போக நீங்களே ஒரு வழி வெட்டிக் கொடுத்துவிட்டீர்கள்.

இது ஏட்டுக் கதை அல்ல. பற்றரி இறங்கிய வாகனத்துக்கு இன்னொரு வாகனத்திலிருந்து ஜம்பர் வயர் கொடுக்கும்போது பிளஸ், மைனஸ் மாறிப் போவது இருட்டில் எல்லா இடத்திலும் நடக்கிறது. அப்போது ஓல்டனேற்றரின் உள்ளே இருக்கும், வழக்கமாக ஒரு பக்கம் மட்டும் கரண்ட் விடும் டயோட்டுகள் நேரே சோர்ட் போலக் கரண்டை விடும். கொம்பனிப் பியூஸ் மட்டும் இருந்தால் அது வெடித்து, ஓல்டனேற்றர் தப்ப இடமுண்டு. பியூஸ் இல்லாத சமாந்தரக் கேபிள் இருந்தால் டயோட்டுகள் கருகும், கேபிளும் சேர்ந்து போகும்.

பழைய வயரைக் கழற்றாதீர்கள். அது அப்படியே இருக்கட்டும். புதியதற்குத் தனிப் பியூஸ்.

பியூஸைப் பற்றரிப் பக்கம் வைப்பதா, ஓல்டனேற்றர் பக்கம் வைப்பதா?

பற்றரிப் பக்கம். ஓல்டனேற்றர் 70 அம்பியர் என்றால் அதன் கூட்டில் அடித்திருக்கும் 70-ஐ ஒட்டித்தான் தரும், அதற்கு மேல் அதனால் முடியாது. ஆயிரம் அம்பியர் தரக்கூடியது பற்றரிதான். அந்த வாசலில்தான் காவல் வேண்டும்.

பற்றரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு முழத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும். ஒரு சாணுக்குள் வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. பற்றரிக்கும் பியூஸுக்கும் இடையில் உள்ள துண்டுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. அதனால் அந்தத் துண்டு ஒரு தகரத்தையும் தாண்டக்கூடாது. "உள்ளே சீட்டுக்குக் கீழே பியூஸ் இருக்கிறதே" என்பார்கள். வயர் உரசுவது பொனட்டுக்கும் உள்ளுக்கும் நடுவில் உள்ள தகரத் துவாரத்தில். சீட்டுக்குக் கீழே இருக்கும் பியூஸ் அந்த இடத்துக்கு உதவாது.

ஒரு எச்சரிக்கை: எஞ்சின் ஓடும்போது இந்தப் பியூஸைக் கழற்றவோ பற்றரி வயரைத் தூக்கிச் "சார்ஜ் பிடிக்குதா" என்று பார்க்கவோ வேண்டாம். பற்றரி விலகிய கணத்தில் வோல்ற் தாறுமாறாக ஏறும். கம்பியூட்டர் உள்ள வாகனத்தில் அந்தச் சோதனையின் விலை ஒரு புதுப் பற்றரியின் விலையைவிட அதிகம்.

எத்தனை அம்பியர் என்று எப்படித் தீர்மானிப்பது?

இரண்டு எல்லைகளுக்கு நடுவில். கீழ் எல்லை: ஓடும் சுமையைப்போல ஒன்றேகால் மடங்கு. மேல் எல்லை: வயர் தாங்கும் அளவு. இரண்டும் மோதினால் பியூஸைக் கூட்டக்கூடாது, வயரை மாற்ற வேண்டும்.

நல்ல செப்பு வயர், பொனட்டுக்குள் உள்ள சூட்டையும் கணக்கில் எடுத்து, அதிகபட்சம் போடக்கூடிய பியூஸ்:

1.5 எம்எம் – 15 அம்பியர்
2.5 எம்எம் – 20
4 எம்எம் – 30
6 எம்எம் – 40
10 எம்எம் – 60
16 எம்எம் – 100
25 எம்எம் – 125
35 எம்எம் – 175

(எம்எம் என்று கடையில் கேட்பது சதுர மில்லிமீற்றரை. உறையின் தடிப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். தடித்த உறைக்குள் நூல் போல வயர் வைத்த கேபிள்களும் விற்கிறார்கள்.)

உதாரணத்துக்கு 70 அம்பியர் ஓல்டனேற்றர். ஒன்றேகால் மடங்கு 87. அதற்கு அடுத்த அளவு 100. 100 அம்பியர் பியூஸுக்கு 16 எம்எம் மட்டுமட்டு, 25 எம்எம் நிம்மதி. 25 எம்எம்மில் 2 மீற்றர் தூரத்துக்கு 70 அம்பியர் ஓடினால் இழப்பு ஒரு வோல்ற்றில் பத்தில் ஒரு பங்குதான். அதையே 6 எம்எம்மில் இழுத்தால் 0.4 வோல்ற் வயரிலேயே போய்விடும், பற்றரி நிரம்பாது.

80 அம்பியர் பியூஸ் போதாதா என்றால், சாதாரண நாளில் போதும். பற்றரி முழுதாக இறங்கி, தள்ளி ஸ்ராட் எடுத்த நாளில் ஓல்டனேற்றர் தன் முழுக் கரண்டையும் நீண்ட நேரம் தள்ளும். எல்லையை ஒட்டி ஓடும் பியூஸ் அப்படி நாலு தடவை சூடாகி ஆறினால், ஒன்றுமில்லாத ஒரு நாளில் அறுந்துபோகும்.

இன்னொன்று: பியூஸில் எழுதிய எண்ணைத் தாண்டினதும் அது பட்டென்று போய்விடாது. 20 அம்பியர் பிளேட் பியூஸ் 27 அம்பியரில் பத்து நிமிடம்வரைகூடத் தாங்கலாம். 40 அம்பியரில் சில விநாடி. அந்த நேரமெல்லாம் வயர் சூடாகிக்கொண்டிருக்கும். அதனால்தான் வயரின் எல்லையை முட்டுமட்டாக எடுக்காமல் கொஞ்சம் இடம் விடச் சொல்வது.

வீட்டு வயரிங் கேபிள் மிச்சம் இருக்கிறது. போடலாமா?

வேண்டாம். 7/0.67 என்று விற்கும் வீட்டு வயர் அளவில் 2.5 எம்எம்தான், கரண்டையும் கொண்டுபோகும். ஆனால் அதில் இருப்பது ஏழு விறைத்த கம்பி. சுவருக்குள் அசையாமல் இருக்கச் செய்தது. துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிரவல் றோட்டில் தினமும் அதிர்ந்தால் லக்குக்கு (வயர் நுனியில் நசுக்கிப் போல்ட்டில் பூட்டும் வளையம்) பக்கத்தில் ஒவ்வொன்றாக முறியும். ஏழில் நாலு முறிந்தபின் மிச்ச மூன்றில் முழுக் கரண்டும் போகும். பியூஸுக்கு இது தெரியாது, கரண்ட் கூடவில்லையே.

பெரிய அளவுக்கு வெல்டிங் கேபிள் நல்லது: மயிரிழை மாதிரி நிறையக் கம்பி, நன்றாக வளையும். அதன் ரப்பர் உறை ஒயிலும் டீசலும் பட்டால் ஊதிப்போகலாம், ஆகவே மேலே நெளிகுழாய் போடுங்கள். பாட்டுச் செற்றோடு பைக்கற்றில் வரும் மலிவு வயர் பெரும்பாலும் செப்புப் பூசிய அலுமினியம். நுனியைப் பிளேட்டால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். செப்பில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத்தான் அது கரண்டைக் கடத்தும். போடத்தான் போகிறீர்கள் என்றால் மேலே உள்ள அட்டவணையில் ஒரு படி குறைத்துப் பியூஸ் போடுங்கள்.

கண்ணாடிப் பியூஸ், பிளேட், போல்ட்டுப் போடுவது – எதை வாங்குவது?

30 அம்பியர்வரை பிளேட் பியூஸ். நிறத்தைப் பார்த்தே அளவு சொல்லலாம்: 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. 40 முதல் 80 வரை அதே வடிவத்தில் பெரிய மக்சி. அதற்கு மேல் போல்ட்டால் இறுக்கும் வகைதான்: மிடி, மெகா, ஏ.என்.எல். கண்ணாடிக் குழாய்ப் பியூஸ் பெரிய கரண்டுக்குச் சரிவராது; ஸ்பிரிங் பிடிப்புத் தளர்ந்து, தொடும் முனையில் சூடேறி, ஹோல்டர் இளகிவிடும்.

போல்ட்டு வகைகளின் துவார இடைவெளி ஒன்றுக்கொன்று வேறு. ஹோல்டரையும் பியூஸையும் சேர்த்து வாங்குங்கள், இரண்டு உதிரிப் பியூஸும் அப்போதே. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் யப்பான் வாகனங்களிலிருந்து கழற்றிய பியூஸ்பெட்டிகள் கிடைக்கும். மூடியோடும் நல்ல பித்தளையோடும் வரும் அந்தப் பழைய பெட்டி, தங்க நிறம் பூசிய புதிய ஹோல்டரைவிட நம்பிக்கையானது.

பட்டனைத் தட்டினால் திரும்ப வேலை செய்யும் மலிவான பிரேக்கர் பற்றியும் கேட்கிறார்கள். பொனட்டுக்குள் வேண்டாம். எஞ்சின் சூட்டில் தானே விழும், அல்லது விழவேண்டிய நேரத்தில் விழாது.

பியூஸ் போய்விட்டது, கடையும் தூரம். ஒரு இழை வயர் சுற்றலாமா?

வேண்டாம். பிளேட் பியூஸின் உள்ளே இருப்பது பெரும்பாலும் நாகக் கலவை, 420 பாகையை ஒட்டி உருகும். செப்பு 1085 பாகையில்தான் உருகும்; அதற்குள் ஹோல்டர் பிளாஸ்ரிக் இளகி ஓடிவிடும். சிகரெட் பெட்டித் தாளும் அதே கதைதான். அவசரத்துக்கு ஹோர்ன், ரேடியோ மாதிரி ஒன்றிலிருந்து அதே அளவு அல்லது குறைந்த அளவுப் பியூஸைக் கழற்றிப் போட்டு வீடு போய்ச் சேருங்கள்.

காலபோக உழவுக்கு மெஸி உழவு இயந்திரத்துக்கு நாலு லைற் பூட்டப் போகிறேன். எப்படி?

48 வாட்ஸ் எல்.ஈ.டி நாலு என்றால் 192 வாட்ஸ், 16 அம்பியர். முதலில் ஓல்டனேற்றரின் கூட்டில் அடித்திருக்கும் அம்பியரைப் பாருங்கள். பழைய இயந்திரத்தில் அது சிறியதாக இருந்தால் இரவு முழுக்க உழுது முடிய பற்றரி இறங்கியிருக்கும்.

நாலையும் ஒரே பியூஸில் போடாதீர்கள். முன் சோடிக்கு ஒன்று, பின் சோடிக்கு ஒன்று, ஒவ்வொன்றும் 10 அம்பியர். பின் லைற் வயரைக் கலப்பை இழுத்து அறுத்தாலும் முன்னால் வெளிச்சம் இருக்கும். நடு வயலில், வரம்பும் வாய்க்காலும் தெரியாத இருட்டில், யானை வரும் காட்டோரத்தில் அது பெரிய விசயம்.

பற்றரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாணுக்குள் இரண்டு பிளேட் ஹோல்டர், அங்கிருந்து 2.5 எம்எம் வயர் அந்தந்தச் சோடியின் ரிலேக்கு (சுவிச்சின் சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சிறு பெட்டி). ரிலேயில் 30 இலக்கத்துக்குப் பியூஸிலிருந்து வரும் வயர், 87 லைற்றுக்கு, 85 எர்த், 86 சுவிச்சிலிருந்து. எர்த்தை மட்காட் தகரத்தில் முறுக்க வேண்டாம். அதன் போல்ட்டெல்லாம் துருவும் சேறும். கியர்பெட்டிக் கூட்டில் ஒரு போல்ட்டைக் கழற்றி, பெயின்றைச் சுரண்டி, லக்கை வைத்து இறுக்கி, மேலே கிறீஸ் பூசுங்கள். ஹோல்டரின் வாய் கீழே பார்க்க, வயர் அதற்குக் கீழே ஒரு வளைவு வளைந்து மேலேறட்டும். சேற்றுத் தண்ணி வயர் வழியே ஒழுகி ஹோல்டருக்குள் போகாமல் அந்த வளைவில் சொட்டிவிடும்.

வானில் பெரிய செற் போடுகிறேன். மூவாயிரம் வாட்ஸ் என்று எழுதியிருக்கிறது.

எழுத்தை விட்டுவிட்டு அம்ப்ளிபயரின் பக்கத்தில் சொருகியிருக்கும் பியூஸ்களைக் கூட்டுங்கள். இரண்டு 30 அம்பியர் இருந்தால் அது 60 அம்பியர், 12 வோல்ற்றில் 720 வாட்ஸுக்கு மேல் இழுக்க முடியாத செற். மூவாயிரம் என்பது பெட்டிக்கு அடித்த பெயின்ற்.

60 அம்பியருக்கு 16 எம்எம் கேபிள், பற்றரிக்குப் பக்கத்தில் 80 அம்பியர் பியூஸ். இரண்டு அம்ப்ளிபயர் என்றால் பின்னால் கேபிள் பிரியும் இடத்தில் ஒவ்வொரு கிளைக்கும் அந்தக் கிளை வயரின் அளவுக்கு ஏற்ற தனிப் பியூஸ். வயர் எங்கே மெலிகிறதோ அங்கே ஒரு பியூஸ்.

தகரத்தைத் தாண்டும் துவாரத்தில் ரப்பர் வளையம் போடாமல் கேபிளை விடாதீர்கள். வற்றாப்பளைப் பொங்கலுக்கும் மடுவுக்கும் ஆட்களை ஏற்றிப்போகும் வான்களில் இன்னொரு இடமும் உரசும்: பின் சீட்டின் இரும்புக்கால் கேபிளின் மேல் ஏறி நிற்கும். சீட்டைக் கழற்றிப் பாருங்கள்.

இரண்டாவது பற்றரிக்கு ஒரு பியூஸ் போதுமா?

இரண்டு வேணும். கேபிளின் இரண்டு நுனியிலும் பற்றரி இருக்கிறது. நடுவில் சோர்ட் ஆனால் இரண்டு பக்கத்திலிருந்தும் பாயும். இரண்டு பற்றரிக்கும் பக்கத்தில் ஒவ்வொன்று, ஒரே அளவில். இணைக்கும் ரிலே ஸ்ராட் எடுக்கும்போது மூடியிருந்தால் ஸ்ராட்டரின் கரண்டில் ஒரு பங்கு இந்தக் கேபிளால் வந்து பியூஸை எரிக்கும். எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகே ரிலே பிடிக்கிற மாதிரி வயர் கொடுங்கள்.

பியூஸ் எரியவில்லை, ஆனால் ஹோல்டர் உருகியிருக்கிறது. ஏன்?

தொடும் இடம் தளர்ந்திருக்கிறது, அல்லது லக் சரியாக நசுக்கப்படவில்லை. சுத்தியலால் அடித்த லக் வெளியே இறுக்கமாகத் தெரியும், உள்ளே இழைகளுக்கு நடுவில் காற்று இருக்கும். 16 எம்எம்முக்கு மேல் ஹைட்ரோலிக் நசுக்கி உள்ள கராஜில் கொடுத்து நசுக்குங்கள். ஈயம் மட்டும் ஊற்றுவதும் சரியில்லை. வயர் விறைத்து, ஈயம் முடியும் இடத்தில் முறியும்.

முல்லைத்தீவு, நாயாறு, கொக்கிளாய்ப் பக்கத்து வாகனங்களுக்கு உப்புக் காற்று வேறு. இழைகளுக்குள் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் அந்த நுனியை வெட்டி எறிந்து, பளபளப்பான செப்பு வரும்வரை பின்னால் போங்கள். லக் கழுத்தில் ஒட்டுப்பசை உள்ள சுருங்கும் குழாய் போட்டால் காற்று உள்ளே போகாது.

சோதனை இலகு. எஞ்சினைக் கொஞ்சம் ஏற்றி, எல்லா லைற்றையும் ஏசியையும் போட்டு, மல்ரிமீற்றரை டி.சி. வோல்ற்றில் வைத்துப் பியூஸின் இரு போல்ட்டிலும் தொடுங்கள். 0.1 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பில் பிழை. ஓல்டனேற்றரின் பிளஸ் போல்ட்டுக்கும் பற்றரி பிளஸ்ஸுக்கும் இடையில் 0.3-ஐத் தாண்டக்கூடாது, ஓல்டனேற்றர் கூட்டுக்கும் பற்றரி மைனஸுக்கும் இடையில் 0.2.

போடப் போடப் பியூஸ் போகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்னும் நாலு பியூஸை வீணாக்காமல், அந்த இடத்தில் 21 வாட்ஸ் பிரேக் பல்ப் ஒன்றை இரண்டு வயரோடு இணையுங்கள். சோர்ட் இருக்கும்வரை பல்ப் முழுசாக எரியும், ஆனால் இரண்டு அம்பியர்கூடப் போகாது, வயர் தப்பும். இப்போது ஒவ்வொரு கிளையாகக் கழற்றுங்கள், வயர்க்கட்டை அங்கங்கே அசையுங்கள். எந்த இடத்தில் பல்ப் அணைகிறதோ, மங்குகிறதோ அங்கேதான் பிழை. நெல்மூட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தும் வாகனம் என்றால் முதலில் எலி கடித்த இடத்தைத் தேடுங்கள்.

வகன் ஆர், அக்குவா மாதிரி வாகனங்களுக்கும் இதே முறையா?

இல்லை. பற்றரி மைனஸில் கரண்ட் அளக்கும் சென்சர் இருந்தால், புது எர்த்தைப் பற்றரி முனையில் நேரே போடாமல் சென்சருக்கு அப்பால் சசியில் போடுங்கள். இல்லாவிட்டால் வாகனத்தின் கம்பியூட்டர் போடும் சார்ஜ் கணக்குப் பிழைக்கும். அக்குவா மாதிரி முழு ஹைபிரிட்டில் ஓல்டனேற்றரே இல்லை, பெரிதாக்க ஒன்றுமில்லை. செம்மஞ்சள் உறை போட்ட கேபிளை எந்தக் காரணத்துக்கும் தொடாதீர்கள், அதில் உயிரை எடுக்கும் வோல்ற் இருக்கிறது.

எந்த ஒழுங்கில் பூட்டுவது?

மைனஸை முதலில் கழற்றுங்கள். கேபிளை இழுத்து, ஒரு சாணுக்கு ஒரு கட்டுப் போட்டு, லக், ஹோல்டர் எல்லாம் பூட்டி முடித்து, பியூஸைப் போடாமலே மைனஸைத் திரும்ப மாட்டுங்கள். பியூஸ் கடைசி. ஓல்டனேற்றர் கேபிளை விட்டு மற்றவற்றில், பொருட்களை எல்லாம் ஓவ் செய்துவிட்டு, அந்தப் பல்பை முதலில் பியூஸ் இடத்தில் வைத்துப் பாருங்கள்; எரியாவிட்டால் பியூஸைப் போடலாம்.

24 வோல்ற் லொறியில் என்ன மாறும்?

அதே வாட்ஸுக்குக் கரண்ட் பாதி. 192 வாட்ஸ் லைற்றுக்கு 8 அம்பியர்தான். வயர்–பியூஸ் அட்டவணை அதேதான், ஏனென்றால் வயருக்கு அம்பியர்தான் கணக்கு. பியூஸில் 32 வோல்ற் என்று அடித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ரேடியோவுக்காக இரண்டில் ஒரு பற்றரியிலிருந்து மட்டும் 12 வோல்ற் எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்: அந்தப் பற்றரி எப்போதும் குறைந்தே இருக்கும், மற்றது அளவுக்கு மிஞ்சிச் சார்ஜாகித் தண்ணி வற்றும், ஒரு வருசத்துக்குள் இரண்டையும் மாற்ற வேண்டி வரலாம். 24-ஐ 12 ஆக்கும் கொன்வேற்றர் ஒன்று போட்டு, அதன் 24 வோல்ற் பக்கத்துக்குப் பற்றரியடியில் ஒரு பியூஸ் கொடுங்கள்.